கேட் போட்டிருந்த நேரம்: ஓர் ஆசிரியையின் பணிச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

வந்த விதம்

"பதினேழு, எழுந்து படி."

மூன்றாம் வகுப்பு வாசலைக் கடந்துபோன தலைமை ஆசிரியை இதைக் கேட்டு நின்றுவிட்டார். பதினேழு என்பது வருகைப் பதிவேட்டில் ஒரு பையனின் வரிசை எண். அவனைக் கூப்பிட்ட ஆசிரியையோ, ஜூன் முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவார் என்று பெயரெடுத்தவர். யாருக்கு எந்தத் தெரு, யார் அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதெல்லாம்கூட அவருக்குத் தெரியும். கேட்டதற்கு, "நாப்பத்தேழு பேர் இருக்காங்களே மேடம், அதான் நம்பர்" என்று சிரித்து மழுப்பியிருக்கிறார். அந்தச் சிரிப்பு ஹெச்.எம்.முக்குப் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில் நான் ஆலோசனைக்கு உட்காரும் சின்ன அறைக்கு அவரை அனுப்பிவைத்தார்.

இதை எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரயில்வே கேட், தண்ணீர், ட்ரெயிலர் மூன்றையும் மாற்றவில்லை. அவற்றை எடுத்துவிட்டால் இது வேறு ஊர்க் கதையாகிவிடும். தெருவே அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

வீடும் நாளும்

டீச்சருக்கு 43 வயது. அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை, 19 வருட சர்வீஸ். வீடு கொருக்குப்பேட்டையில், மாடியில் இரண்டு அறை. கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெயிலர் ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெயிலர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். காலையில் கிளம்பினவர் அன்றிரவு திரும்புவாரா, மறுநாளா என்பது அவருக்கே தெரியாது. மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு.

மாமியாருக்கு 71 வயது. பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் உடம்பின் வலப்பக்கமும் பேச்சும் சேர்ந்து போவது வழக்கம். மிஞ்சிய சொற்களில் ஒன்று மருமகளின் பெயர். "பெத்த பிள்ளை பேரு வரல, என் பேரு வருது" என்றார் டீச்சர். அது பெருமையா புகாரா என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்தது.

ஒரு நாளை நிமிடக் கணக்கோடு சொல்லச் சொன்னேன். ஆசிரியர்களிடம் இதைக் கேட்டால் கால அட்டவணை மாதிரியே சொல்வார்கள். நாலரைக்கு எழுந்து அத்தையைப் புரட்டிப்போட்டுத் துணி மாற்றுவது. ஐந்து மணிக்கு அடிபம்பில் தண்ணீர் வரும், ஆறு குடம். சமையல், நாலு டப்பா. அத்தைக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்து நேராக உட்காரவைத்து இட்லியைக் கரைத்து ஊட்டுவது. படுத்தபடி ஊட்டினால் புரை ஏறும் என்பதால் இதில் அவசரம் காட்ட முடியாது, இருபத்தைந்து நிமிடமாவது ஆகும். எட்டு மணிக்குக் கீழ்வீட்டு அக்காவிடம் சாவி. அந்த அக்கா வாசலில் இட்லிக் கடை போடுகிறவர். மதியம் ஒருமுறை மேலே ஏறிக் கஞ்சி ஊட்டித் துணி மாற்றிவிட மாதம் 3,000 ரூபாய் வாங்கிக்கொள்கிறார். எட்டேகாலுக்கு ஷேர் ஆட்டோ.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. அது வடக்கு தெற்காகப் போகிறது. டீச்சர் போவதோ கிழக்கு மேற்கு. நடுவில் ரயில் பாதை, அதன்மேல் கேட். சரக்கு ரயில் வந்து நின்றுவிட்டால் அது கிளம்பும்வரை ஆட்டோவும் பைக்கும் மீன்கூடையும் எல்லாம் ஒன்றாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

பள்ளியில் அவருடைய பிரிவு போக, பிரசவ விடுப்பில் போன சக ஆசிரியையின் பிரிவையும் சேர்த்துவிட்டார்கள். அப்படித்தான் நாற்பத்தேழு பேர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குச் சொல்வது 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் விடுப்பில் இருப்பவரும் அதில் ஒரு தலை. நாலு மணிக்குப் பள்ளி விடும், மறுபடி கேட், வீடு, அத்தை, சமையல், மகளுக்குக் கணக்கு. ஏழு மணியிலிருந்து பத்து வரை பெற்றோரின் போன். பிறகு நோட்டுத் திருத்தம். பதினொன்றுக்குப் படுத்தால், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் எழுந்து அத்தையைப் புரட்ட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வரும். கூட்டிப் பார்த்தால் தூக்கம் நாலு மணி நேரத்தைத் தாண்டவில்லை, அதுவும் துண்டு துண்டாக.

வருடத்துக்கு 12 நாள் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு. அத்தனையும் அத்தையின் ஆஸ்பத்திரிக்கே போயிருந்தது. தனக்குக் காய்ச்சல் வந்தபோது பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறார்.

மதிப்பீடு

"சுண்டிப் போயிட்டேன் மேடம்" என்றார். அடுப்பில் மறந்துவிட்ட பால் பொங்கி வழிவது ஒன்று, வழியாமல் கொதித்துக் கொதித்து அடியில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைத்தான் சுண்டுவது என்கிறோம். பணிச்சோர்வுக்கு இதைவிடச் சரியான தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பொங்கி வழிகிறவரை வீடே பார்த்துவிடும், யாராவது ஓடிவந்து அடுப்பைக் குறைப்பார்கள். சுண்டுகிறவர் சத்தமே போடுவதில்லை.

சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று நேரடியாகவே கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சாகணும்னெல்லாம் இல்ல. ஒரு பத்து நாள் காலு உடைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்துக்கிடந்தா நல்லா இருக்கும்னு தோணும். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க இல்ல?"

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் இதைச் சொல்லி நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஓய்வுக்கு வேறு எந்தக் காரணமும் செல்லாது, எலும்பு முறிந்தால்தான் செல்லும் என்று மனம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

அசதி என்று வந்தவுடன் மனசுக்குத் தாவிவிடக் கூடாது. முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் மட்டும் 9.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. அடிபம்பில் மூச்சு வாங்கியதற்கும் மாடிப்படியில் நெஞ்சு படபடத்ததற்கும் பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அதை டீயோடு முழுங்கக் கூடாது, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. டீச்சருக்கோ நாள் ஓடுவதே ஐந்து டீயில். மாத்திரையை மதியத்துக்கு மாற்றினோம். ஆறு மாத ஆலோசனையில் பாதியளவு பலனை அந்த மாத்திரை கொடுத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆலோசகர் தொழிலுக்கு இது கொஞ்சம் அவமானம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து மனச்சோர்வா பணிச்சோர்வா என்ற கேள்வி. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பி.ஹெச்.க்யூ-9 அளவீட்டில் 27-க்கு 11 வந்தது. 10 வந்தாலே கவனிக்க வேண்டும். ஆனால் விடைகளைப் பிரித்துப் பார்த்தபோது தூக்கம், அசதி, பசி, கவனம் இவற்றில்தான் மதிப்பெண் ஏறியிருந்தது. தங்கை பெரம்பூரிலிருந்து வந்தால் இன்னும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். டி.வி.யில் வடிவேலு வந்தால் நின்று பார்க்கிறார். மனச்சோர்வு பெரும்பாலும் வாழ்க்கையின் எல்லா அறைகளையும் இருட்டாக்கிவிடும். இவருக்கு இரண்டு அறைகளில் மட்டும்தான் விளக்கு அணைந்திருந்தது. இது முடிந்த முடிவல்ல. ஒன்று இன்னொன்றாக மாறக்கூடியது, அதனால் மாதம் ஒருமுறை அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். இடையில் இருட்டு கூடினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பணிச்சோர்வுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பர்ன் அவுட் என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1974-இல் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தன்னார்வலர்களோடு வேலை பார்த்தபடியே எழுதினார். எழுதியவரும் சுண்டிப்போனவர்களில் ஒருவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் அதை அளக்க 22 வாசகங்கள் கொண்ட அளவுகோலைத் தந்தார்கள். அவர்கள் மூன்று கூறுகளைச் சொல்கிறார்கள். உணர்ச்சி வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் வேலையாகத் தெரிவது, நாம் செய்வதில் பயனே இல்லை என்று தோன்றுவது. 'பதினேழு, எழுந்து படி' என்பது அந்த இரண்டாவது. டீச்சர் கெட்டவராகிவிட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. நாற்பத்தேழு பெயரைத் தாங்க மனதில் இடமில்லாமல் போனது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச்சோர்வைச் சேர்த்திருக்கிறது. நோயாக இல்லை, வேலையிடம் சார்ந்த நிலையாக. வேலை தவிர்த்த வாழ்க்கைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். வகைப்படுத்துகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் டீச்சருக்கு இரண்டு வேலையிடம், ஒன்றில் சம்பளம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸ்டீவன் ஸாரிட் 1980 வாக்கில் உருவாக்கிய தனிக் கேள்வித்தாள் உண்டு. அதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பள்ளியில் குறைந்தது வீட்டால், வீட்டில் குறைந்தது பள்ளியால். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த இரண்டு இரவுகளில் அத்தையைப் புரட்ட மறந்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்துபோயிருந்தது. அதை அவர் மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி, குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி.

முதல் திட்டமும் என் தவறும்

முதல் திட்டம் எழுத எனக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காலையில் பத்து நிமிட மூச்சுப் பயிற்சி, சாயங்காலம் அரை மணி நடை, இரவு படுக்கும்முன் அன்றைக்கு மனசுக்கு எது எப்படி இருந்தது என்று ஒரு டைரி. எந்தக் கருத்தரங்கிலும் சொல்கிற விஷயங்கள். தவறு என்று ஒன்றையும் சொல்ல முடியாது.

இரண்டு வாரம் கழித்து டைரியோடு வந்தார். ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார், கோடு போட்டு, ஓரம் விட்டு. செய்ததற்கெல்லாம் பச்சை மையில் டிக். செய்யாததற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. நடைப்பயிற்சிக்கு எதிரே பதினான்கு சிவப்புக் குறி. "சாரி மேடம், நடைக்கு மட்டும் நேரமே கிடைக்கல" என்று ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி நின்றார். மூச்சுப் பயிற்சிக்காக நாலரை மணி எழுந்திருத்தல் நாலு இருபதாகியிருந்தது. டைரிக்காகப் படுப்பது பதினொன்றேகாலுக்குப் போயிருந்தது.

இருபத்தைந்து நிமிடத் தூக்கத்தை நான் திருடியிருந்தேன். பதினேழு வேலை இருந்தவருக்குப் பதினெட்டாவதாக 'தன்னைப் பார்த்துக்கொள்வது' என்ற வேலையைக் கொடுத்து, அதில் தோற்கவும் வைத்திருந்தேன்.

ஆனாலும் டைரி வீணாகவில்லை. பதினான்கு நாளில் ஒன்பது நாள் 'நன்றாக இருந்தது' என்ற பத்தியில் ஒரே வரி இருந்தது. "8.25, கேட் போட்டிருந்தாங்க. 12 நிமிஷம்." இன்னொரு நாள்: "கேட். கூட்ஸ் வண்டி. காத்து வந்தது." எல்லோரும் சபிக்கிற இடத்தில் இவர் மட்டும் எப்படி நன்றாக இருந்தார் என்று கேட்டேன்.

"அங்க யாரும் என்னை எதுவும் கேக்க முடியாது மேடம். லேட்டானா கேட்டு மேல பழி. நான் ஒண்ணும் பண்ணலன்னாலும் தப்பில்ல."

உடைந்த காலும் மூடிய கேட்டும் ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. அவருக்கு நேரமில்லை என்பது பாதி உண்மை. நேரம் கிடைத்த இடத்தில்கூட, பொறுப்பு வேறு யார் கையிலாவது இருந்தால்தான் அவரால் மூச்சுவிட முடிந்தது. வீட்டில் அரை மணி சும்மா உட்கார்ந்தாலும் காது அத்தையின் அறையில் இருக்கிறது. அது ஓய்வு இல்லை, காவல். வேலையை இறக்கிவைக்க ஓர் ஆள் இல்லாமல் ஓய்வெடு என்று சொல்வது, தலையில் குடத்தோடு நிற்பவரைக் கையை வீசி நடக்கச் சொல்வது மாதிரி.

கைமாத்து

பணம் முடைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கீழ்வீட்டு அக்காகிட்ட கைமாத்து வாங்குவேன். சம்பளம் வந்ததும் குடுத்துடுவேன்" என்றார், இதில் என்ன இருக்கிறது என்ற முகத்தோடு. வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், வாய்ச்சொல்லில் வாங்கித் திருப்பித் தருவது கைமாத்து. இந்தப் பக்கத்தில் அது இல்லாமல் எந்தக் குடும்பமும் மாதக் கடைசியைத் தாண்டாது. ஐந்நூறு ரூபாயைக் கேட்க வெட்கப்படாதவர் இரண்டு மணி நேரத்தைக் கேட்க ஏன் வெட்கப்படுகிறார் என்று பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு மட்டுமே இரண்டு சந்திப்பு ஓடியது. "அது என் கடமை இல்லையா" என்பதிலிருந்து "நாலு பேர் என்ன சொல்வாங்க" வரை எல்லாம் வந்தது. கடைசியில் வந்ததுதான் விஷயம்: "கேட்டு இல்லைன்னு சொல்லிட்டா தாங்க முடியாது மேடம். கேக்காம இருந்தா, கேட்டிருந்தா செஞ்சிருப்பாங்கன்னு நெனைச்சுக்கலாம்."

பிறகு ஒரு தாளில் அவர் செய்வதையெல்லாம் எழுதினோம். அவரால் மட்டுமே முடியும் என்று அவரே வட்டமிட்டவை பதின்மூன்று. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அது நாலாகக் குறைந்தது.

முதலில் கேட்டது நாத்தனாரிடம். கணவரின் தங்கை, திருவொற்றியூரில் இருக்கிறார், சொந்த அம்மா. பதினான்கு மாதத்தில் அவரிடம் 'வாங்க, வந்து பாருங்க' என்று சொல்லியிருக்கிறார்களே தவிர, 'வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒருமுறையும் சொன்னதில்லை. எப்படிக் கேட்பது என்பதை என் அறையில் ஒத்திகை பார்த்தோம். உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, மாதத்தில் இரண்டு முறை என்று கேட்க வேண்டும். போனில் கேட்டுவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். நாத்தனார் சொன்னாராம்: "நீங்க கேக்கவே இல்லையே அண்ணி. நான் வந்தா உங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்க வந்த மாதிரி நெனைப்பீங்களோன்னு இருந்தேன்." பதினான்கு மாதம் இருவரும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு மரியாதையாக ஒதுங்கியிருந்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இனிக்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் வந்த இன்னொருவர், சிறப்புப் பள்ளியில் உதவியாளர், இதே மாதிரி கேட்டதற்கு அவருடைய அண்ணன் போனையே எடுக்காமல் விட்டுவிட்டார். கேட்பது ஒரு சூதாட்டமும்தான்.

இரவுக்கு அரசாங்கம் கை கொடுத்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் என்றே நிறையப் பேர் பதிய வைத்துக்கொண்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்த பிறகு வந்த செவிலியர் முதலில் சிவப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கும் தோல் தப்பித்துவிடும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது. அது வெளுக்கவில்லை. ஆனால் தோல் உடையவில்லை, அதனால் பிடித்துவிடலாம் என்றார். காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் வாங்கச் சொன்னார். சிவப்பு ஆறிய பிறகு வந்து தோலைப் பார்த்துவிட்டு, இரவில் இரண்டு தடவைக்குப் பதில் ஒரு தடவை புரட்டினால் போதும், பகலில் மட்டும் விடாதீர்கள் என்றார். ஏர் பெட் போட்டுவிட்டால் புரட்டவே வேண்டாம் என்று நினைப்பது தப்பு என்றும் எச்சரித்தார். பிசியோதெரபிஸ்ட் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து அத்தையின் அடியில் விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து நகர்த்தக் காட்டிக்கொடுத்தார். தோல் உராயாது, டீச்சரின் முதுகும் பிழைத்தது. மகன் அப்போதுதான் முதல் தடவையாக ஆயாவின் படுக்கைக்கு அந்தப் பக்கம் நின்றானாம். பிளஸ் டூ பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதுவரை அறைக்குள்ளேயே விடவில்லை.

கணவரிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மாவைத் துணி மாத்தக் கூச்சமா இருக்கு" என்றார் அவர். கேலி செய்ய ஒன்றுமில்லை, உண்மையைச் சொன்னார். துணி மாற்ற வேண்டாம், வீட்டில் இருக்கும் இரவுகளில் மூன்று மணிக்குப் புரட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிவானது.

கீழ்வீட்டு அக்காவின் 3,000-ஐ 3,500 ஆக்கி, சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு மணி நேரம் சேர்த்தோம். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பட்ட பாடு போதும். முதல் வாரம் முழுக்க டீச்சர் அந்த ஒரு மணியும் தூங்கினாராம். அக்கா என்னைப் பார்த்தபோது சொன்னது: "இன்னா மேடம், டீச்சர் செத்தா மாதிரி தூங்குது. நான் ரெண்டு வாட்டி மூக்காண்ட கை வெச்சுப் பாத்தேன்."

பள்ளியில்

பள்ளியிடம் நான் வைத்த வாதம் கருணை சார்ந்தது இல்லை. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணிச்சோர்வு பிறக்கும் இடங்களாக ஆறு விஷயங்களைச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் பலனும் பாராட்டும், கூட இருப்பவர்கள், நியாயம், நாம் மதிக்கும் விஷயங்கள். ஆறும் ஆளுக்கு வெளியே இருப்பவை. யோகா வகுப்பு நடத்தி ஆறையும் சரிசெய்ய முடியாது. ஹெச்.எம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஆள் இல்லம்மா. ஆனா நேரத்தை மாத்தலாம்" என்றார். அவருக்கும் சுண்டும் வயதுதான், பாவம்.

அவரால் முடிந்ததைச் செய்தார். மதிய உணவுக்குப் பிறகு வரும் ஒரு பாடவேளையில் நாற்பத்தேழு பேரையும் விளையாட்டுக்கு வேறொருவர் அழைத்துப்போவது, அந்த வேளையில் டீச்சரை வேறு வகுப்புக்கு மாற்றாக அனுப்புவதில்லை. நோட்டுத் திருத்தம் அங்கேயே முடியும், வீட்டுக்கு வராது. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு இரண்டும் சட்டப்படியே ஆசிரியர் தலையில் வருபவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மற்ற வேலைகளைத் தடுத்தாலும் இவற்றையும் பேரிடர்ப் பணியையும் விலக்கிவைத்திருக்கிறது. அதில் கை வைக்க முடியவில்லை.

போன் விஷயம் நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. ஏழு மணிக்கு மேல் எடுக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் இந்தப் பெற்றோர் யார்? காசிமேட்டுக்கு விடியலுக்கு முன் போய் மீன் எடுத்து விற்கிற அம்மாக்கள், ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு வரும் அப்பாக்கள். அப்பாக்களுக்கு இரவு விட்டால் நேரமில்லை. டீச்சரே வழி கண்டுபிடித்தார். மீன் விற்கும் அம்மாக்கள் மதியத்துக்கு மேல் சும்மாதான் இருப்பார்கள், அவர்களைப் பள்ளி விடும் நேரம் வாசலில் பார்ப்பது. மற்றவர்கள் குரல்பதிவு அனுப்பட்டும், மறுநாள் கேட்டில் நிற்கும்போது கேட்டுப் பதில் சொல்வது. கேட்டையும் வேலைக்கு எடுத்துக்கொண்டீர்களே என்றேன். "போறப்ப மட்டும். வர்றப்ப சும்மாதான்" என்றார்.

ஆறு மாதத்தில்

இரண்டாம் மாதம் ஹீமோகுளோபின் 10.4, ஐந்தாம் மாதம் 11.8. பி.ஹெச்.க்யூ-9 மதிப்பெண் 11-லிருந்து 6 ஆனது. பிள்ளைகளின் பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. எந்த நாளில் வந்தன என்று அவருக்கே தெரியவில்லை, ஹெச்.எம்.தான் கவனித்துச் சொன்னார். அத்தையின் சிவப்பு முழுசாக ஆறியது.

எல்லாம் நிலைக்கவில்லை. கணவரின் மூன்று மணிப் பங்கு மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது, பிறகு வெளியூர் லோடு வர ஆரம்பித்ததும் பழையபடி டீச்சரிடமே வந்துவிட்டது. நாத்தனாரின் இரண்டு ஞாயிறு சில மாதம் ஒன்றாகிறது. ஆண்டுத் தேர்வு நேரத்தில், மகனின் பொதுத் தேர்வும் சேர்ந்துகொள்ள, மறுபடி நாலு மணித் தூக்கத்துக்குப் போய், ஒரு பையனின் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். அன்றே எனக்குப் போன் செய்தார் என்பதை முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். முதல் தடவை 'பதினேழு' என்ற இடத்தை அடைய அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, யாரோ அனுப்பித்தான் வந்தார். நடைப்பயிற்சி கடைசிவரை நடக்கவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

கைமாத்துக் கணக்கை மட்டும் அவர் துல்லியமாக வைத்திருக்கிறார். கீழ்வீட்டு அக்காவின் பேரனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் படிவம் நிரப்பிக் கொடுத்ததும், நாத்தனார் மகளுக்கு மே மாதம் முழுக்கத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அதில் வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. திருப்பித் தந்துவிட்டேன் என்ற தெம்பு இருந்தால்தான் அடுத்த தடவை கேட்க வாய் வருகிறதாம்.

இப்போதைக்கு மூன்று மணிப் புரட்டல் அவர் கையில்தான் இருக்கிறது. மகன் கல்லூரிக்குப் போகும்வரை அவன் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான், டீச்சருக்கு அதில் மனசில்லை. அடுத்த சந்திப்புக்குக் கணவரையும் மகனையும் சேர்த்து வரச் சொல்லியிருக்கிறேன். தேதி இன்னும் முடிவாகவில்லை, ட்ரெயிலருக்கு லோடு இல்லாத சனிக்கிழமையாகப் பார்க்க வேண்டும்.